பீரோவை யார் தூக்குவது

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் படிக்காதவர்களுக்கு நாலு வார்த்தை. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு மாற்றித் தருகிற தொழில் செய்யும் குடும்பம். கீழே கிடங்கு, மேலே குடித்தனம், நடுவில் இருபத்திரண்டு படி. மாமனார் நாற்பது வருஷம் பாரம் தூக்கியவர். மூத்த மகன் பெரிய லாரி ஓட்டுகிறான், சின்னவன் சின்ன லாரி. மூத்தவன் பெண்டாட்டி மூத்தவள், சின்னவன் பெண்டாட்டி இளையவள். இளையவளுக்கு ஒன்பது மாதத்தில் ஒரு பெண் குழந்தை. எடை ஒன்பது கிலோ. சுமை தூக்குகிற வீட்டில் பிறந்த பாவத்துக்கு, முதல் நாளே அதற்கு 'பீரோ' என்று பெயர் விழுந்துவிட்டது.

பிரசவத்தில் இளையவளுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. நாள் முழுக்க நின்றாலும் கனமாகத் தூக்கினாலும் அடியில் ஏதோ கழன்று விழப்போகிற மாதிரி இருக்கும். இது டாக்டருக்குத் தெரியும், நமக்குத் தெரியும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. புருஷனிடம் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். "பிள்ளை பெத்த எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமாம்" என்றான். எத்தனை பிள்ளை பெற்றானோ! அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். மூன்று மாதமாகப் பல் வலி என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள்.

அவள் தூக்காததால் குழந்தையை மூத்தவள் தூக்கினாள். தூக்கித் தூக்கி, குழந்தை மூத்தவளுடையது மாதிரியே ஆகிவிட்டது. வெளியூரில் புதிதாகத் திறக்கிற கிடங்கைப் பார்த்துக்கொள்ள மூத்தவனும் மூத்தவளும் ரெண்டு மாதம் போகிறார்கள். "பீரோவை நான் கூட்டிட்டுப் போறேனே" என்று மூத்தவள் கேட்க, "சரி அண்ணி" என்று சின்னவன் தலையாட்டியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

இன்றைக்கு நாலு மணிக்கு லாரி.

*

காலை எட்டு மணிக்கே டேப் கிழிக்கிற சத்தம் கேட்டது.

இளையவள் எட்டிப் பார்த்தாள். மூத்தவள் ஓர் அட்டைப்பெட்டியில் குழந்தையின் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால்தான் அடுக்கினாள். இன்னொரு கையில் குழந்தை. அந்த இடுப்பு அதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. குழந்தை மூத்தவளின் தோட்டைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, இப்பவேவா?"

"பின்ன எப்போ? வண்டி கிளம்பினப்புறமா?"

"என்னை ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?"

"உன் புருஷனைக் கேட்டேனே. உன்னைக் கேட்டா நீ யோசிப்பே. நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே ஆயிடும்."

மூத்தவள் பெட்டியை மூடி டேப் ஒட்டினாள். கறுப்பு மார்க்கர் எடுத்து மேலே 'பீரோ' என்று எழுதினாள். சாமான் கட்டுகிற வீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி, பட்டியலில் ஏற்றிவிட வேண்டும். பட்டியலில் ஏறிவிட்டால் அது வண்டியில் ஏறிவிட்டதாகவே கணக்கு.

இளையவள் கையை நீட்டினாள். "வாடி செல்லம், அம்மாகிட்ட வா."

குழந்தை அவளைப் பார்த்தது. சிரித்தது. பிறகு மூத்தவளின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"வெக்கப்படுறா" என்றாள் மூத்தவள். அவள் முகத்தில் ஒரு மினுக்கு. அதை அடக்க அவள் முயற்சி செய்தாள் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு நம்பிக்கையில்லை.

இளையவள் கிட்டே போய்க் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தாள். மூத்தவளின் சோப்பு வாசம்.  தன் பிள்ளை தலையில் இன்னொருத்தி சோப்பு! இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கிறுக்கு என்பார்கள்.

கீழே கிடங்கு வாசலில் மாமனார் தன் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. அவருக்குக் குடலிறக்கம். பாரம் தூக்கித் தூக்கி வந்தது. அதை அவர் மறைத்ததே இல்லை. வருகிற வாடிக்கைக்காரர்களிடமெல்லாம், "நாப்பது வருஷம் சார், குடல் இறங்குற வரைக்கும் தூக்கினேன்" என்று மெடல் மாதிரி சொல்வார். அவர்களும் எழுந்து நிற்காத குறையாக மரியாதை காட்டுவார்கள்.

இளையவளுக்கு அதிலும் ஒரு வயிற்றெரிச்சல். அவருக்கு இறங்கினால் நாற்காலி. எனக்கு இறங்கினால் பல் வலி.

"எங்கம்மா கிளம்பிட்டே? பல்லா?"

"ஆமா மாமா."

"இன்னுமா அந்தப் பல்லைப் பிடுங்கல? மூணு மாசமா ஆட்டிக்கிட்டே இருக்கானா? ஃபீஸ் தீர்ற வரைக்கும் பிடுங்க மாட்டான். டாக்டருங்களை நம்பாதே."

"சரி மாமா."

*

ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் முதல் மாடி. இளையவள் அதைத் தாண்டி மூன்றாவது மாடிக்குப் போனாள். அங்கே உடற்பயிற்சி சொல்லித் தருகிற டாக்டரம்மா இருந்தார். கட்டையான உருவம், கட்டைக் குரல்.

டாக்டர்கள் விஷயத்தில் எனக்கும் மாமனாருக்கும் ஒரே அபிப்பிராயம்தான். சீட்டு எழுதுவார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். ஆனால் இந்த அம்மா சீட்டு எழுதவில்லை. மணல் அடைத்த ஒன்பது கிலோ துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து தரையில் போட்டு, "தூக்கிக் காட்டு" என்றார்.

இளையவள் காலை அகட்டினாள், குனிந்தாள், கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தாள்.

"நிறுத்து! எங்கே கத்துக்கிட்டே இதை?"

"எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான் மேடம். தம் கட்டித் தூக்குன்னு மாமா கத்துவாரு. தம் கட்டலன்னா பாரம் எழும்பாதாம்."

"தம் கட்டினா அந்த அழுத்தம் எங்கே போகும்? வயித்துக்குள்ள இருக்கிறதெல்லாம் கீழ தள்ளும். உனக்கு ஏற்கனவே இறங்கியிருக்கு. உள்ள வளையம் வச்சுத் தாங்கியிருக்கோம். நீ ஒரு நாளைக்கு இருபது தடவை தம் கட்டினா வளையம் என்ன பண்ணும், பாவம்?"

பிறகு அவர் சொல்லித் தந்தார். முதலில் அடித்தசையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், சிறுநீரை அடக்குகிற மாதிரி. அப்புறம் ஊதுபத்தியை அணைக்கிற மாதிரி வாயால் மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். கையை நீட்டித் தூக்கக் கூடாது. குழந்தையை முதலில் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு அப்புறம் எழ வேண்டும். கூடுமானவரை தரையிலிருந்து தூக்கவே கூடாது. உட்கார்ந்த வாக்கில் யாராவது மடியில் தந்தால் ரொம்ப நல்லது.

"அந்தத் துணி வாங்கினியா?"

"வாங்கிட்டேன் மேடம். பிள்ளையை நெஞ்சோட சேத்துக் கட்டிக்கிறது. ஒளிச்சு வச்சிருக்கேன்."

"இறுக்கமா, உயரமா கட்டணும். குனிஞ்சா அதோட தலையில நீ முத்தம் குடுக்கணும், அந்த உயரம். முகம் எப்பவும் வெளிய தெரியணும், மூச்சு முட்டக் கூடாது. தளர்ந்து வயித்துக்குத் தொங்குச்சுன்னா அவிழ்த்துக் கட்டு. முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். கனமா, இழுக்கிற மாதிரி தோணுச்சுன்னா உடனே உக்காரு, படு. வீராப்புக் காட்டாதே."

"இடுப்புல பெல்ட் போட்டுக்கலாமா? எங்க வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு வச்சிருக்காங்க."

"கூடவே கூடாது. பேஸ்ட் டியூபை நடுவுல அமுக்கினா என்ன ஆகும்? இறுக்கின பெல்ட்டும் அதைத்தான் பண்ணும்."

இளையவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்தது.

"வீட்டுல எடுத்துக் குடுக்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எடுத்துக் குடுக்க வேண்டியவங்கதான் எடுத்துக்கிட்டே போறாங்க மேடம்."

டாக்டரம்மா மணல் பையை ஓரமாகத் தள்ளினார். "வீட்டுல சொல்லிடு. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. உன் மாமனார் சொல்றாரே, அந்த மாதிரி சொல்லு."

*

மத்தியானம் ஒரு மணிக்கு வீடு திரும்பினாள். பஸ்ஸில் வரும்போதே எல்லாவற்றையும் மனதில் அடுக்கி வைத்திருந்தாள். முதலில் துணியை எடுப்பது. கட்டிலில் உட்கார்ந்து கட்டிக்கொள்வது. அக்காவைக் கூப்பிட்டு, "இப்படிக் குடுங்க" என்பது. பிறகு நிதானமாக விஷயத்தைச் சொல்வது.

படியேறும்போது மேலே சிரிப்புச் சத்தம்.

நடுக் கூடத்தில் மூத்தவள் நின்றிருந்தாள். நெஞ்சோடு சேர்த்து ஒரு நீலத் துணியைக் குறுக்கே கட்டியிருந்தாள். அதற்குள் குழந்தை, கன்னத்தை அவள் மார்பில் அழுத்தி அரைத் தூக்கத்தில் இருந்தது.

அது இளையவள் ஒளித்து வைத்திருந்த துணி.

"வந்துட்டியா? இது உன்னுதா? கட்டிலுக்கடியில இருந்த பையிலிருந்து விழுந்துச்சு. என்னடா இதுன்னு சுத்திச் சுத்திப் பாத்தேன். கட்டினதும் பாரு, எப்படிப் பொருந்திடுச்சு! ரெண்டு கையும் சும்மா இருக்கு. ரெண்டு பெட்டி கட்டி முடிச்சுட்டேன்."

 அந்தத் துணியை இளையவள் ஒரு தடவைகூடக் கட்டிப் பார்த்ததில்லை. முதல் தடவை எப்படி இருக்கும் என்று ராத்திரியெல்லாம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். அந்த முதல் தடவை, அவள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது வேறொருத்தியிடம் நடந்து முடிந்துவிட்டது.

"நல்ல உயரமா வேற கட்டியிருக்கீங்க" என்றாள் கடைசியில்.

"ஆமா, குனிஞ்சா முத்தம் குடுக்கலாம். இதோ." மூத்தவள் குனிந்து கொடுத்தும் காட்டினாள்.

மூத்தவளைத் திட்ட வேண்டாம், வாசகர்களே. அவளுக்குத் தெரியாது. தெரியாமல் செய்கிறவர்கள்தான் சரியாக அந்த இடத்தில் மிதிப்பார்கள்.

"அவளை இறக்கி விடுங்க. கொஞ்ச நேரம் விளையாடட்டும்."

"இப்பத்தானே கண்ணை மூடினா."

"இறக்கி விடுங்கக்கா!"

மூத்தவள் முகம் சுருங்கியது. அவிழ்த்துக் குழந்தையைப் பாயில் விட்டாள். துணியை மட்டும் தோளிலேயே போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். போகிற போக்கில், "நாமளும் தூக்க மாட்டோம், தூக்கிறவளையும் விட மாட்டோம்" என்று சுவரிடம் சொன்னாள்.

அந்த வார்த்தை போதுமே!

சுவரில் ஆணிகளில் சுமை பெல்ட்டுகள் தொங்கின. புருஷனுடையதை இளையவள் எடுத்தாள். டாக்டரம்மா சொன்னது காதில் இருந்தது. இருந்தாலும் எடுத்தாள். பொறாமைக்குக் காது கிடையாது. இடுப்பில் சுற்றி, கடைசி ஓட்டை வரைக்கும் இறுக்கினாள். இருபத்திரண்டு படி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கிடங்கில் இருக்கிற அத்தனை பேர் முன்னாலும் நிற்க வேண்டும். இவளால் முடியாது என்று யார் சொன்னது?

காலை அகட்டினாள். தரைக்குக் குனிந்தாள். தம் கட்டினாள்.

தூக்கிவிட்டாள்.

முதல் நாலு படி வரைக்கும் ராணி மாதிரி இறங்கினாள். குழந்தைக்குக் கூட ஆச்சரியம், அம்மா மூக்கைத் தொட்டுப் பார்த்தது. ஆறாவது படியில் அடியில் ஒரு பாரம் இழுத்தது. எட்டாவது படியில் எல்லாமே சரிந்து கீழே வருகிற மாதிரி இருந்தது.  ஒரு தோளைச் சுவரில் சாய்த்து, உரசிக்கொண்டே அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை மட்டும் விடவில்லை. அவ்வளவு புத்தி இருந்தது.

கீழே நாற்காலியிலிருந்து மாமனார் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. பல்லு."

மாமனார் அவள் கையைப் பார்த்தார்.

"பல்லு வலிக்கிறவ கன்னத்தைப் பிடிப்பா. நீ அடிவயித்தைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கே. எனக்கு முதல் தடவை இறங்கினப்போ நானும் ஒரு மாடிப்படியில இப்படித்தான் உக்காந்தேன். பியானோவோட."

இளையவள் பெல்ட்டை அவிழ்த்தாள். அது படியில் உருண்டு அவர் காலடியில் போய் விழுந்தது.

"எனக்கும் இறங்கித்தான் இருக்கு மாமா. உங்களுக்குக் குடல். எனக்குக் கர்ப்பப்பை. பிள்ளை பெத்ததுல. ஒன்பது மாசமாச்சு."

கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்த ரெண்டு ஆட்கள் சட்டென்று ஒரு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய், அதைக் கட்டுகிற மாதிரி நின்றார்கள். ஏற்கனவே கட்டி வைத்த ஃபிரிட்ஜ் அது.

மாமனார் மேலே பார்த்துக் கத்தினார். "பெரியவளே! ஓடி வா! பிள்ளையை வாங்கு!"

மூத்தவள் ஓடி வந்தாள். குழந்தை அவளைக் கண்டதும் ரெண்டு கையையும் நீட்டி, வாயெல்லாம் சிரிப்பாகப் பாய்ந்தது. அந்த நிலைமையிலும் இளையவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

*

ஃபிரிட்ஜுக்குச் சுற்றுகிற பழைய மெத்தையை மடித்து இடுப்புக்கடியில் வைத்து, இளையவள் மேலே கூடத்தில் படுத்திருந்தாள். டாக்டரம்மாவிடம் போனில் நல்ல திட்டு வாங்கியாயிற்று. இன்றைக்கு இனி எதையும் தூக்கக் கூடாது, நாளைக் காலை வந்து வளையத்தைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூத்தவள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில்.

"எங்கிட்ட பல்லுன்னு சொன்னே."

"ஆமாக்கா."

"கிராம்புத் தைலம் தேடி மூணு கடை ஏறி இறங்கினேன். நீயும் வாங்கிக் கன்னத்துல தடவிக்கிட்டே."

"எரிஞ்சுதுக்கா."

"எரியட்டும்." மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். "உன்னைப் பத்தி என்னவெல்லாம் நினைச்சேன் தெரியுமா? உடம்பு வணங்காதவ, அழகு கெட்டுடும்னு பிள்ளையைத் தூக்க மாட்டேங்கிறான்னு. நாலு பேர்கிட்ட சொல்லவும் சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலயே நீ! யாரோ ஒரு டாக்டரம்மாகிட்ட மூணு மாசமா சொல்றே, பக்கத்து அறையில இருக்கிறவகிட்ட சொல்லத் தோணல."

"சொன்னா மொத்தமா எடுத்துக்குவீங்கன்னு பயம்."

மூத்தவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். அவளுக்கும் ரெண்டு பையன்கள். விடுதியில் படிக்கிறார்கள். லீவுக்கு வந்தால் தோளில் கைபோடக்கூட விடுவதில்லை. அம்மா என்று கூப்பிடுவதே சோறு கேட்கத்தான்.

"நான்தான் தூக்கறேன்" என்றாள் மூத்தவள் கொஞ்ச நேரம் கழித்து. குரலில் கோபம் இருந்தது. "ஆனா பால் குடிக்கும்போது இவ உன் விரலைப் பிடிச்சுட்டுத்தான் கண்ணை மூடுறா. எங்கிட்ட பிடிக்கிறது தோட்டைத்தான். அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

இளையவளுக்குத் தெரியாது. தன் கையில் இருப்பதை யாராவது ஏக்கத்தோடு எண்ணிப் பார்ப்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

அங்கேயே ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள் என்று எதிர்பார்த்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். மூத்தவள் எழுந்து நின்றாள்.

"சரி. அப்ப இவ எங்கூட வர்றதுதானே உனக்கும் நல்லது? உன் உடம்பு தேறட்டும். நீ தூக்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லியாச்சு."

"தூக்கக் கூடாதுன்னு சொல்லல. எப்படித் தூக்கணும்னுதான் சொன்னாங்க. தரையிலிருந்துதான் கூடாது."

"தரையில இருக்கிற பிள்ளையைத் தரையிலிருந்துதான் எடுக்கணும். நானும் போயிட்டா யாருடி உனக்கு எடுத்துக் குடுப்பா? மாமாவா? அவரே தூக்கக் கூடாத ஆள். தூக்கக் கூடாத ரெண்டு பேரும் ஒரு பீரோவும். நல்லா இருக்கும் குடித்தனம்!"

சொல்லிவிட்டுக் குழந்தையோடு வெளியே போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் இளையவளுக்குத் தாங்கவில்லை.

*

மூன்றரை மணிக்குக் கீழே லாரி பின்னோக்கி வந்து நின்றது. படுத்த இடத்திலிருந்தே ஜன்னல் வழியாக இளையவள் பார்த்தாள். கிடங்கு மேடை லாரித் தட்டின் உயரம். ஆட்கள் பெட்டிகளைத் தூக்கவில்லை. மேடையிலிருந்து தட்டுக்கு அப்படியே தள்ளினார்கள். தரையில் வைத்துத் தூக்குகிறவனைக் கண்டால் மாமனார் கெட்ட வார்த்தையில் திட்டுவார். இதை அவள் கல்யாணமான நாளிலிருந்து தினமும் பார்க்கிறாள்.

எழுந்து உட்கார்ந்தாள். புருஷனுக்குப் போன் போட்டாள்.

"நீங்க அண்ணிகிட்ட ஒரு 'சரி' சொன்னீங்களே, அதைத் திருப்பி வாங்கிக்கங்க."

"என்னாச்சு? பல்லா?"

"பல்லு இல்ல." சொன்னாள். ரெண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் லாரி ஓரமாக நிற்கிற சத்தம் கேட்டது.

"நான் எல்லாருக்கும் அப்படித்தான்னு சொன்னேன் இல்ல?" என்றான் சின்னவன்.

"சொன்னீங்க."

"வந்து பேசறேன்."

"பேச வேண்டாம். வந்து ஆணி அடிங்க."

பிறகு ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து, வெறுங்கையோடு இறங்கினாள். மாமனார் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, பேக்கிங் மேசை ஒண்ணு எனக்கு வேணும். இடுப்பு உயரம் இருக்குதே, அது. அதுமேல பியானோ பெட்டியோட பலகையை நாலு பக்கமும் அடிச்சு, ஒரு பக்கம் மட்டும் திறந்து மூடுற மாதிரி பண்ணணும். சுவரோட முடுக்கிடணும், ஆடக் கூடாது. உள்ள மெத்தை. பீரோ அதுலதான் தூங்குவா. நான் கதவைத் திறந்து, நெஞ்சோட சேத்து இழுத்துக்குவேன். தூக்க வேண்டாம்."

மாமனார் தாடையைத் தடவினார். "மேடை போடணுங்கிறே."

"ஆமா."

"பாய்க்கு எப்படிப் போவா? பாயிலிருந்து எப்படி வருவா?"

"காலையில அவர் இறக்கி விடுவாரு. அவர் இல்லாதப்போ நான் தரையில உக்காந்துக்கறேன், அவளே தவழ்ந்து மடிக்கு வருவா. எழுந்திருக்க வேண்டியிருந்தா கிடங்குல பதினோரு பேர் இருக்காங்க, ஒருத்தரைக் கூப்பிடறேன். இனிமே கூப்பிட எனக்கு வெக்கமில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொண்ணு மாமா. தம் கட்டித் தூக்குன்னு இனிமே யார்கிட்டயும் கத்தாதீங்க. மூச்சை விட்டுட்டுத்தான் தூக்கணுமாம்."

"எவன் சொன்னான்?"

"டாக்டரம்மா."

"டாக்டர் எத்தனை பியானோ தூக்கியிருக்கா?"

"நீங்க தூக்கித்தானே மாமா இறங்குச்சு?"

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.  மாமனார் ஆட்களைப் பார்த்து, "காதுல விழல? பேக்கிங் மேசை. மேல கொண்டு போங்கடா!" என்றார். "தம் கட்டாம."

லாரியின் முன் இருக்கையில் மூத்தவள் ஏறி உட்கார்ந்திருந்தாள். நீலத் துணியில் குழந்தை. மூத்தவன் இஞ்சினைக் கிளப்பிவிட்டு, யார் பக்கமும் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தான். புத்திசாலி.

இளையவள் கதவுக்குக் கீழே போய் நின்றாள்.

"அக்கா, என் பிள்ளையை எடுத்துக் குடுங்க."

மூத்தவள் நேரே ரோட்டைப் பார்த்தாள். ஒரு கை தானாகக் குழந்தையின் முதுகுக்குப் போனது. இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. நாலு மணி தாண்டி ரெண்டு நிமிஷம்.

"நின்னுட்டா வாங்கப் போறே?"

"இல்ல."

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம். மாமனார் எழுந்து நின்று, தன் நாற்காலியை இளையவள் பக்கம் இழுத்துப் போட்டார். "உக்காரு" என்றார். அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து அந்தக் கிடங்கு பார்த்ததில்லை. ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இளையவள் உட்கார்ந்தாள்.

மூத்தவள் இறங்கினாள். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். அவ்வளவு நேரம் ஆகிற முடிச்சுகள் இல்லை அவை. குழந்தையை இளையவளின் நெஞ்சோடு சாய்த்து மடியில் வைத்தாள். வாங்கும்போது இளையவள் வாயால் நீளமாக மூச்சை விட்டாள்.

குழந்தை உடனே கத்த ஆரம்பித்தது. மூத்தவளை நோக்கி ரெண்டு கையையும் நீட்டி, "ம்மா... ம்மா..." என்று கத்தியது.

மூத்தவள் காதிலும் அது விழுந்தது. ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நீலத் துணியை நாலாக மடித்து இளையவளின் தோளில் வைத்தாள். அது சூடாக இருந்தது.

"இந்தாடி உன் துணி" என்றாள். லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் குழந்தை அழுதது. மறைந்த பிறகும் அழுதது. இளையவள் தன் சுட்டுவிரலை அதன் உள்ளங்கையில் வைத்தாள். குழந்தை அதைத் தள்ளிவிட்டது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் தள்ளியது. மூன்றாவது தடவை, ஏதோ போனால் போகிறது என்கிற மாதிரி பிடித்துக்கொண்டது.

பிடித்த கையோடு இளையவள் மடி முழுக்க நனைத்தது.

"மாத்துத் துணி எடுத்துட்டு வாங்கப்பா" என்று மாமனார் மேலே குரல் கொடுத்தார். மேசை சுமந்து போன ஆள் படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "மேல ஒண்ணுமே இல்லீங்க. அலமாரி காலி."

மாமனார் சாமான் பட்டியலை எடுத்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. மூத்தவளின் கையெழுத்து. 'பீரோ - 1. உடையும் பொருள். பார்த்து.' பக்கத்தில், ஏற்றியாயிற்று என்று ஒரு டிக்.

இளையவள் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் மூத்தவள்.

"அக்கா, பீரோவோட பெட்டி வண்டியிலயே போயிடுச்சு."

"எந்தப் பெட்டி?" என்றாள் மூத்தவள். ரொம்ப சீக்கிரமாகவே கேட்டாள். "ஓ, அதுவா? அவசரத்துல கவனிக்கல. வண்டியை இப்பத் திருப்ப முடியாதுடி. ஞாயித்துக்கிழமை நானே கொண்டுவந்து தர்றேன். அவ அழுகையை நிறுத்திட்டாளா?"

இளையவள் மடியைப் பார்த்தாள். குழந்தை அவள் விரலை விடாமல், போனுக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்திட்டா" என்றாள் இளையவள். போனைக் குழந்தையின் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.